சிவப்பு அரக்கு

"ஸ்டிக்கரக் கிழிச்சா வாரண்டி போயிடும் மேடம்" என்று செங்கல்பட்டுக் கடைக்காரர் புது டிரில்லை நீட்டினார். திருகின் மேல் ஒட்டியிருந்த சிவப்பு வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

எழுபதுகளில் இதே ஊரில் என் நைனா ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஆசையாய் வாங்கிய டிரில் மூன்றாம் மாதமே நின்றுபோனது. உள்ளே மோட்டாரின் கார்பன் துண்டு தேய்ந்துவிட்டதென்று சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் திருகின் மேல் சிவப்பு அரக்கு வைத்திருந்தது. அதை உடைத்தால் ஒரு வருஷ கேரண்டி செல்லாதென்று அட்டையில் அச்சிட்டிருந்தது. விற்ற மெட்ராஸ் கடைக்கு எழுதினால், "கம்பெனி ஆள் வருவார்" என்றே பதில் வரும்.

ஒன்பது மாதம் நைனா பழைய கை டிரில்லையே சுற்றினார். சூடான இரும்புத்தூளும் வியர்வையும் கலந்த வாடை சோற்றுத்தட்டு வரை வந்தது.

"ஒடச்சி சரி பண்ணேன்யா. அந்த அட்டையா இரும்புல ஓட்ட போடப் போவுது?" என்றாள் அம்மா.

"ஒடச்சா அவன் தப்பிச்சிக்குவான். அதுக்குத்தான் காத்துகினு கீறான்."

கேரண்டி முடிந்த மறுநாள் காலை அரக்கைத் தட்டி எடுத்தார். பத்தே நிமிஷத்தில் டிரில் ஓடியது. அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் அவருடைய வலது தோளால் முடியவில்லை.

"கெட்டுப்போனா எத்தன நாள்ல மாத்தித் தருவீங்க? எழுதிக் குடுங்க" என்றேன், புது டிரில்லைக் கையில் வைத்தபடி.

கடைக்காரர் சிரித்தார். "கம்பெனி ஆளு வருவாரு மேடம்."