காதை உதறும் சகுனம்

வீட்டை விட்டு இறங்கும்போது நாய் காதை உதறினால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் முறைப்பார்கள். நாய் படபடவென்று காதை அடித்துக்கொண்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இதில் கொஞ்சமும் பிசகமாட்டார்.

எங்கள் நாய்க்கோ தொங்கும் காது. தாய் லயத்து நாய், அப்பன் ஏதோ துரை வீட்டு ஜாதி. மழையும் பனியுமான இந்த மலையில் துவைத்த துணியே காய்வதில்லை, அந்தக் காது எங்கே காயும்? போன மழைக்காலத்தில் அது நாள் முழுக்கக் காதை உதற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக் குடித்தே வயிறு உப்பிப் போனார். தினமும் தாமதம், கங்காணி கத்தினார். பக்கத்து வீட்டு அக்கா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ரிங்லெட் டவுனுக்குப் போவதைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். எதிர்வீட்டில் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார அக்கா, "நாங்கல்லாம் சகுனம் பாக்கறதில்ல லா" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். கடவுளுக்குச் சேதி சொல்லி அனுப்ப வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

லயமே வந்து முறையிட்டதில், என் வீட்டுக்காரர் நாயைக் கொல்லைப்புறம் கட்டினார். அங்கே கூரை ஒழுகும். சாப்பாடு வைக்கப் போனபோது புளித்துப்போன தோசை மாவு மாதிரி ஒரு நாற்றம். காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிவந்து வீங்கி, காபித் தூள் போல அழுக்கு அப்பியிருந்தது. தொட்டதும் வீல் என்று கத்தியது. தலையை இடப்பக்கம் சாய்த்தபடியே நின்றது. கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பவில்லை.

"அது சகுனம் சொல்லல. அதுக்குக் காது வலிக்குது. டாக்டர்கிட்ட போலாம், காடிய எடுங்க" என்றேன். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நாயைப் பின் சீட்டில் ஏற்றினேன். அவர் சாவியைத் திருப்பினார். நாய் காதை உதறியது. இன்ஜினை அணைத்தார்.

"சகுனம் சரியில்ல. நாளைக்குப் போலாம் லா."

"காது வலிக்கிற நாய் காதை உதறாம வாலையா உதறும்?"

இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடியும் உதறல். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கடைசியில், கொழுந்து பறிக்கும்போது நான் தலையில் கட்டும் துண்டை எடுத்து, நாயின் இரண்டு காதையும் மூடித் தாடைக்குக் கீழே தளர்வாக முடிச்சுப் போட்டேன். கங்காணி பெண்டாட்டி கோயிலுக்குக் கிளம்பியது போல இருந்தது. தலையை ஆட்டியது, சத்தம் வரவில்லை. சத்தம் இல்லையென்றால் சகுனமும் இல்லையாம். கார் கிளம்பியது.

மலைக்குக் கீழே டவுனில் இருக்கும் மிருக டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். ஈரத்தில் வந்த பூஞ்சை என்றார்.

"நனைஞ்சா உடனே காதைத் துடைச்சுக் காய வைங்க. குச்சி விட்டுக் குடையாதீங்க. பூண்டு எண்ணெயெல்லாம் ஊத்தாதீங்க. அப்பப்ப தூக்கி மோந்து பாருங்க. வலது காது பொழச்சிடும். இடது காது இனிமே கேக்காது. உதற ஆரம்பிச்சப்பவே கொண்டு வந்திருக்கணும்."

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வளைவிலும் காரை மெதுவாக ஒடித்தார். நன்றாகத் திட்டலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவர் மேல் இரக்கப்பட்டு இல்லை. பின் சீட்டில் நாய் ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது காலையில் லயமே பார்த்துச் சிரிக்க, மனுஷன் வாசலில் குந்தி நாயின் காதை மோந்து பார்க்கிறார். பிறகு அதன் வலப்பக்கம் போய்க் குனிந்து, "போயிட்டு வரேன்டா" என்கிறார். ஆரம்பத்தில் ஒருநாள் மறந்துபோய் இடப்பக்கம் நின்று சொன்னார். அது திரும்பாமல் படுத்தே கிடந்தது. அன்று அவர் வேலைக்கே போகவில்லை.