மூன்றாவது வெள்ளி, 12.48

இது உண்மையாக நடந்தது. இதைச் சொல்வதால் எனக்கு வெட்கம்தான் மிச்சம். வெட்கப்படுவதற்காக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். இரவிலும் நடக்கவில்லை. பட்டப்பகல். வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.20க்கும் 1.10க்கும் நடுவில். நேரத்தில் எனக்குப் பிழை வராது. வேலைக் கொப்பியில் மணி பார்த்து எழுதுகிறவன் நான்.

கிண்ணியாப் பக்கம், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், ஊர்ச் சங்கம் நடத்தும் குடிதண்ணீர் நிலையத்தில் எனக்குக் கூலி வேலை. தோட்டத்துக்குப் போடும் உரம் மணலுக்குள்ளால் இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்துவிடும். நிறமில்லை, மணமில்லை. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ந்து மூச்சு முட்டும்.

அதைப் பிடிக்கத்தான் அங்கே ஒரு தண்ணீர்த் தாங்கி. உள்ளே மீன் சினை போல மஞ்சள் மணிகள். மணிகள் நிரம்ப நிரம்ப, கிழமைக்கு ஒருமுறை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய ஊத்தை பின்பக்கத் தொட்டிக்குப் போகும். அங்கே கல்லில் ஒட்டி வளரும் கிருமிகளுக்கு நான் தினமும் சீனிப்பாணி ஊற்றுவேன். அவை பாணியோடு நைத்திரேற்றையும் தின்று குமிழி விடும். பார்வைக்குச் சளி. அதைக் கிளறிய கையால் சோறு தின்ன மனம் வராது.

கழுவும்போது குழாயைப் பூட்ட வேண்டும். ஊரில் ஒருவரும் தண்ணீருக்கு வராத நேரம் ஜும்மா நேரம் ஒன்றுதான். பொறுப்பாளர் அபூதாஹிர் நானா பள்ளிக்குப் போகும்போது சாவியைத் தந்து, தாங்கியைக் காட்டிச் சிரிப்பார்.

"சிவபாதம், நாங்க தொழுதிட்டு வாறத்துக்குள்ள உங்கட பிள்ளையக் குளிப்பாட்டி வைங்க."

இரண்டு வெள்ளி நான் குளிப்பாட்டவில்லை. இடுப்பில் நாரிப்பிடிப்பு. உப்பு மூட்டை தூக்க ஏலவில்லை. கொப்பியில் மட்டும் 'கழுவியது' என்று எழுதினேன். தண்ணீர் அதே நிறம், அதே ருசி. யாருக்குத் தெரியப்போகிறது?

சல்லி என்ற ஊரில் இருக்கும் என் மகள் நிஷாந்தினிக்கு இரண்டு மாதக் குழந்தை. அவனுக்குப் பால்மா கரைக்க, வெள்ளிதோறும் இங்கிருந்துதான் இரண்டு கான் தண்ணீர் கொண்டுபோவேன்.

மூன்றாவது வெள்ளி. 12.20. கதிரையில் சாய்ந்தபடியே 'கழுவியது' என்று எழுதிக் கொப்பியை மூடினேன்.

12.35.

புளுக்... புளுக்...

பின்பக்கத் தொட்டி. கழுவிய தண்ணீர் போனால்தான் அது அப்படிக் குமிழி விடும். நான் ஒன்றும் விடவில்லையே!

எழுந்து போனேன். கூழ்முட்டை நாற்றம். அதோடு இன்னொன்று... கைக்குழந்தை கக்கிய பாலின் புளிச்ச நாற்றம்.

இரும்பு வலைமூடி பூட்டியபடியே இருந்தது. அதற்குக் கீழே சளி தடித்து, தோல் மாதிரிப் படர்ந்திருந்தது. அது மேலே எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

பூட்டைத் திறந்து தடியால் குத்தினேன். தடியை ஏதோ பிடித்தது. இழுக்கவில்லை. சப்பியது. விட்டு விட்டு... பால் குடிக்கிற மாதிரி.

பறித்தெடுத்தேன். தடி நுனியில் சளியோடு தொங்கியது ஒரு சூப்பி. பால் போத்தல் சூப்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. இரண்டாலும் சளி நூல் நூலாக வழிந்தது. அருவருப்பில் சீமெந்துத் தரையில் உதறினேன்.

12.48.

முன்பக்கம் தண்ணீர் விழும் சத்தம்.

பூட்டிய குழாய்...

ஓடினேன். குழாயடியில் ஒரு பெண் குந்தியிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது. தோளில் ஒரு குழந்தை.

"பிள்ள, இப்ப தண்ணி எடுக்க ஏலாது."

அவள் திரும்பவில்லை.

"போன கிழமை தந்தீங்கதானே?"

குழந்தை என்னைப் பார்த்தது. உதடு நாவற்பழ நிறம். நகமும் அதே நிறம். வாயில் ஒரு சளிக் குமிழி.

ஊதியது.

புளுக்...

உடைந்தது.

எப்படித் தூக்கினேனோ தெரியாது. நாலு உப்பு மூட்டையும் கரைத்துத் தாங்கிக்குள் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தபோது குழாயடியில் யாரும் இல்லை. பூட்டு தொங்கியது. கீழே தரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சளி.

1.10க்கு நானா வந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கழுவாத கதையையும். அவர் ஏசவில்லை. காலையில் குழாயில் பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் நைத்திரேற்றுச் சோதனைத்தாளை நனைத்தார். கடும் ஊதா ஏறியது. கிணற்றுத் தண்ணீரில் இன்னொன்று நனைத்தார். அது வெறும் இளஞ்சிவப்பு.

"மணி நிரம்பினா, புடிச்சு வெச்சதைத் திருப்பிக் கக்கும், சிவபாதம். கிணத்துத் தண்ணியை விட மோசம். ஊருக்கு இதையா குடுத்தீங்க?"

பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிக்க ஓடினார், வீட்டில் பிடித்து வைத்ததையெல்லாம் ஊற்றச் சொல்லி. ஓடும்போதே திரும்பிச் சொன்னார்:

"இந்த நேரத்தில இஞ்ச ஒரு பொம்புளையும் வரமாட்டா."

எனக்குப் போன கிழமை கொண்டுபோன கான் ஞாபகம் வந்தது. மகளுக்கு அழைத்தேன்.

"பிள்ளைக்கு எப்பிடியம்மா?"

"நல்லாத்தான் இருக்கிறான். ஏனப்பா?"

"போன வெள்ளி தந்த தண்ணி..."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏசாதேங்கோ அப்பா. அதை ஊத்திப்போட்டன். நீங்கள் கானை வச்சிட்டுப் போன கையோட ஒரு முஸ்லிம் அக்கா வாசல்ல வந்து நிண்டவ. தோளில பிள்ளை. ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சிருந்தவை. 'இதைக் குடுக்காதே' எண்டா. பிறகு, எங்கட போத்தல் சூப்பியைக் கேட்டா. பயத்தில கழட்டிக் குடுத்திட்டன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்பக்கம் போனேன். சூப்பி நான் உதறிய இடத்திலேயே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

குனிந்து பார்த்தேன்.

இரண்டு ஓட்டை. ஒன்றின் விளிம்பு கறுத்துக் கருகியிருந்தது.

பால் வருகுதில்லை என்று பேரன் அழுத அன்று, ஊசியைச் சுட்டு அந்த ஓட்டையைப் போட்டவன் நான்தான்.