நாலு பாயிண்ட் ஏழு

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பார்லர் வைத்திருக்கும் பிரியதர்ஷினிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்க்கதை அத்தனையும் பேசுவாள். யார் தலையில் எத்தனை நரை என்பதை மட்டும் உயிரே போனாலும் சொல்ல மாட்டாள். முப்பத்து மூன்று வயதில் அவள் சம்பாதித்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

ஓசூரில் நாலு வருஷம் தொழில் கற்றவள். தலைக்கு அடிக்கும் கலர் ட்யூபில் ஒரு எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பது முடி எவ்வளவு கறுப்பு என்பது. ஒன்று என்றால் கன்னங்கரேல், பத்து என்றால் வெளிர் மஞ்சள். அதில் எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். அங்கேதான் அவனவன் இஷ்டத்துக்கு எண் வைத்திருக்கிறான். "கம்பெனி பேர் இல்லாம நெம்பர் சொல்றது, தெருப் பேர் இல்லாம வூட்டு நெம்பர் சொல்ற மாதிரி" என்று அவளே பத்துப் பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

தக்காளி வியாபாரம் செய்யும் சென்னம்மாளின் ஒரே மகள் காவியா. பதினேழு வயதிலேயே அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: தாய், மகள், பிரியதர்ஷினி. இருபது நாளுக்கு ஒருமுறை பின்கதவு வழியாக வந்து உட்காருவாள். நாலு பாயிண்ட் ஏழு. பிரியதர்ஷினியின் கம்பெனியில் ஏழு என்றால் பழுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் பின்னலைத் தொட்டுப் பார்த்து, சவுரி இல்லை என்று திருப்திப்பட்டுப் போனார்கள். தை மாதம் அதியமான்கோட்டை பிரபாகருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

சீர்ப் பெட்டியில், புடவை மடிப்புக்குள் ஆறு ட்யூப்களை வைத்தது பிரியதர்ஷினிதான். புகுந்த வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது? கம்பெனிப் பெயரையும் எண்ணையும் சுரண்டிவிட்டு, 'மூலிகை க்ரீம்' என்று சீட்டு ஒட்டினாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ட்யூப் தீர்ந்தது. ஆடிக்கு அழைக்கும்வரை பிறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பாத்ரூமிலிருந்து காவியா போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு சொந்தத்துல விசேஷம். வேரெல்லாம் வெள்ளையாத் தெரியுது. நெம்பர் மட்டும் சொல்லுங்க, தர்மபுரியில வாங்கிக்கறேன்."

பிரியதர்ஷினி ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். வாயில் நூல். "நாலு பாயிண்ட் ஏழு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கடைக்காரர் அதே எண்ணைக் கொடுத்தார், வேறு கம்பெனியில். அங்கே ஏழு என்றால் செம்பு. கறுப்பு முடியில் ஒன்றும் தெரியவில்லை. நரைத்த முடி ஒவ்வொன்றும் செம்புக் கம்பியாகிவிட்டது. காலை வெயிலில் மாமியார் நிர்மலாதேவி உற்றுப் பார்த்தாள்; சாயத்துக்கு அடியில் இருப்பது நரை என்று புரிந்துவிட்டது. "வியாதிக்காரியை மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பிரபாகர் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். அன்றைக்கே பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தாயும் மகளும் பார்லருக்கு வந்தார்கள். காவியா பையிலிருந்து காலி ட்யூபை எடுத்து நீட்டினாள். பிரியதர்ஷினி முதலில் கம்பெனிப் பெயரைப் பார்த்தாள், பிறகு எண்ணை.

"அந்தக் கடக்காரன் வெளங்குவானா? தப்பான மருந்தக் குடுத்து எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டான்" என்று அழுதாள் சென்னம்மாள்.

பேசாமல் இருந்திருந்தால் பழி கடைக்காரரோடு போயிருக்கும். பிரியதர்ஷினியால் முடியவில்லை.

"அவரு மேல தப்பில்லீங்க்கா. கேட்டதத்தான் குடுத்திருக்காரு. நெம்பரச் சொன்ன நான் கம்பெனி பேரச் சொல்லல. நானே அதியமான்கோட்டைக்கு வந்து அவங்ககிட்டச் சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க்கா?" காவியா கேட்டாள். "வெள்ளமுடிய மறைக்க அடிச்ச கலரு தப்பாப் போச்சுன்னா?"

சென்னம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிரியதர்ஷினி காவியாவை உட்கார வைத்து, சாம்பல் சாயல் கலந்து முடியின் சிவப்பை அடக்கினாள். வேலை பிசகவில்லை. ஒரு மணி நேரத்தில், பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த அதே கூந்தல் கண்ணாடியில் தெரிந்தது.

காவியா ஒரு பிடி முடியை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே இது எவ்ளோ கறுப்பா இருந்தாலும் அவங்க கண்ணுக்கு நரைதானுங்க்கா" என்றாள்.

பிரியதர்ஷினி அவள் தோளில் இருந்த துண்டை மெதுவாக எடுத்தாள்.