சத்தியம் செய்யாத கை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தப்பு மேளச் சத்தம் அடங்குவதற்குள் ரெங்கசாமி தம் கனவைச் சொல்லி முடித்துவிடுவார். பனி இன்னும் விலகியிருக்காது. கூடை மாட்டிய பெண்கள் வரிசையாக நிற்பது இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும். கீழே வெறும் வெண்மை.

"நேத்துப் பாருங்க, தேயிலைச் செடியெல்லாம் வேரைப் புடுங்கிக்கிட்டு பதுளைக்கு நடந்து போகுது. ஓட்டுப் போடவாம். நான் முன்னால போறேன்."

"செடி போனா போகட்டும் கங்காணி. நாங்க லயத்து வீட்டுல படுத்துத் தூங்குறோம்" என்றாள் இராக்கம்மா. வரிசை முழுவதும் சிரித்தது. அவளுக்கு அது எட்டாம் மாதம். கூடைக் கயிறு நெற்றியை இழுக்க, வயிறு முன்னே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அந்தக் கேலியைச் சொன்னாள்.

ரெங்கசாமி சில்லறைக் கங்காணி. இருபது பேர் அவர் கீழே கொழுந்து பறிக்கிறார்கள். எந்தத் துரையோ கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டு ஒன்று உண்டு. அதில் பொத்தான் இருந்த இடமெல்லாம் இப்போது ஊசிகள். கையிலுள்ள பிரம்பு யார் முதுகிலும் பட்டதில்லை. மழை எந்த மலையில் இறங்குகிறது என்று காட்டத்தான் அது பயன்படுகிறது. யாரையாவது திட்ட வேண்டுமானால் முதலில் தலைப்பாகையை அவிழ்ப்பார். எட்டு முழத் துணி. அவிழ்த்து முடிவதற்குள் கோபம் போய்விடும்.

தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். இலங்கையில் தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது, அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கே கணக்கப்பிள்ளை வீட்டில் ஒரு மாதம் விருந்தாளியாக இருந்தபோது பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

சட்டசபைத் தேர்தல் வந்தது. ஆயிரம் பேர் உழைக்கும் அந்த மலையில் மூன்று பேருக்குத்தான் ஓட்டு: பெரிய கங்காணி இராமையா, கணக்கப்பிள்ளை, ரெங்கசாமி. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இவ்வளவு வருமானம் வேண்டும் என்று சர்க்கார் வேலி கட்டியிருந்தது. பெண்களுக்கு அந்த வேலியின் பக்கத்தில்கூட இடமில்லை. தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்து ஆரம்பித்து, பிறகு தமிழும் தாமே கற்றுக்கொண்ட ரெங்கசாமி எப்படியோ அந்த வேலியைத் தாண்டிவிட்டார். ஓட்டுச் சீட்டு பற்றி வந்த கடிதத்தை மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்திருந்தார். அவருடைய இருபது பேரும் அதை "நம்ம ஓட்டு" என்றே சொன்னார்கள்.

முதலில் நம்பிக்கை வந்தது. பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தங்கராஜா ஒரு வேட்பாளருக்காக ஸ்டேஷன் வெளியில் நின்று பேசினார். அந்த வேட்பாளர் ஜெயித்தால் நிறைமாதப் பெண்களை மலைக்கு அனுப்பக் கூடாதென்று சட்டம் கேட்பாராம். பிள்ளை பெற்ற பின் ஒரு மாதம் கூடை தூக்க வேண்டாமாம். ரெங்கசாமி அதை மறுநாள் பெரட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. போன வருஷம் இராக்கம்மா செடிகளுக்கு நடுவே பெற்ற குழந்தை லயத்துக்கு வந்து சேரும்முன் குளிர்ந்துவிட்டது. எல்லோருக்கும் அது தெரியும்.

"மாமா" என்றாள் அவள். கங்காணி என்று கூப்பிடவில்லை. "எனக்காக ஒரு கோடு போட்டுட்டு வாங்க."

அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. பெரிய கங்காணி இராமையா ரெங்கசாமியைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார். இலை அரைக்கும் எந்திரத்தின் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள். அதன் பக்கத்தில் குங்குமம் பூசிய ஒரு கல்லும் சூலமும் உண்டு. ரோதை முனி. கும்பிடாதவன் கையை ரோதை இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

"அந்த ஜவுளிக்கடைக்காரன் ஆளு ஜெயிச்சா தோட்டத்தையே மூடிருவாங்கடா. கப்பல்ல ஏத்தி திரும்ப இந்தியாவுல, மண்டபத்துல எறக்கிருவாங்க. எதுத்து நிக்கிற நம்ம ஆளுக்குத்தான் ஓட்டுன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றார் இராமையா. எரியும் கற்பூரத்தை ரெங்கசாமி வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தார். ரோதைக்கு இலை கொட்டும் வேலையில் அப்போது நின்றிருந்தவன் அவருடைய தம்பி பொன்னையா. இராமையா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும், கல்லுக்குக் காது கிடையாது என்று ரெங்கசாமியிடம் நான் கத்தினேன். ஆயிரம் பேருக்கு மூன்று ஓட்டு, அதிலும் ஒன்றை ஒரு கல்லைக் காட்டிப் பிடுங்குகிறார்கள், நீங்களும் கையை நீட்டிக் கொடுக்கிறீர்களே என்றேன். ரோதையைச் சுழற்றுவது முனியல்ல, நீராவி என்று விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு அது நீராவிங்க. எந்தம்பி கைக்கு அது வாய்."

அதற்குப் பிறகு பெரட்டில் கனவு நின்றுபோனது. "கங்காணிக்குத் தூக்கம் வரலியா?" என்று கேலி பேசிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பிரம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஈரமான பாறை, கூடையின் அடி, சாம்பல், எது கிடைத்தாலும் இடது கை விரலால், ஓட்டுச் சீட்டில் போடும் பெருக்கல் குறியைப் போட்டுப் பார்த்தார். முதலில் அது முறிந்த சிலந்திபோல இருந்தது. பத்து நாளில் நேராகிவிட்டது.

"இது என்ன?" என்றேன்.

"கற்பூரம் அடிச்சது வலது கை. இது ஒண்ணும் சொல்லலைங்களே."

ஓட்டு நாளன்று அவரோடு ரயிலில் நானும் போனேன். தெமோதரையில் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழையும். "கனவு மாதிரியே இருக்குங்க. நின்ன எடத்துக்குக் கீழயே போறோம்" என்றார். பனி படிந்த கண்ணாடியில் இடது விரலால் குறி போட்டார். குகை இருட்டில் அது மறைந்தது. வெளியே வந்ததும் அதன் வழியாக ஒரு துண்டு மலை தெரிந்தது.

பதுளையில் ஓட்டுப்பதிவு நடந்த சர்க்கார் கச்சேரி வாசலில் இராமையா நின்றிருந்தார். தம் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரெங்கசாமி வலது கையால் சலாம் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. யாரிடம் கோபமோ. இடது கை விரல்களில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

மாலை தோட்டத்துக்குத் திரும்பியதும் அவர் லயத்துக்குப் போகவில்லை. மலையிலிருந்து இறங்கிவந்த இராக்கம்மா வழியில் நின்று கண்ணாலேயே கேட்டாள். இடது கையால் அவள் கூடையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். அவளைக் கையமர்த்திவிட்டு, கூடையோடு நேரே தொழிற்சாலைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். உள்ளே இலை வாசனை மூச்சடைத்தது. ரோதை சுற்றிக்கொண்டிருந்தது, மேலே பலகையில் நின்று பொன்னையா இலை கொட்டிக்கொண்டிருந்தான்.

ரெங்கசாமி கற்பூரம் ஏற்றவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இடது கையை விரித்து, இழுப்பதானால் இதை இழு என்பதுபோல, கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நீட்டினார். சக்கரத்தின் காற்றில் கோட்டின் கை படபடத்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றே? தள்ளி நில்லு!"

அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. வேலை முடிந்த சங்கு ஊதி, ரோதையைச் சுழற்றும் தோல்வார் இறங்கி, பொன்னையா தன் இரண்டு கைகளையும் சாக்கில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வரும்வரை அந்த இடது கை அப்படியே நீண்டிருந்தது.