ஏழாவது அம்பு

எங்கள் வீட்டில் குறை கண்டுபிடிப்பது அம்மாவின் வேலை. குத்தலாகச் சொல்லவில்லை, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்களுக்கான ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அம்மா இன்ஸ்பெக்டர். கோளாறான இடத்தில் சிவப்பாக ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். சரிசெய்த பிறகு அவளே வந்து பார்த்து, அதை உரித்து நோட்டில் ஒட்டிக்கொள்வாள். ஒட்டியவர்தான் உரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நான் நாலாவது படித்தபோது நூம்பலில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம். ஒயரிங் வேலையை அப்பா தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். சித்தப்பா ஐ.டி.ஐ. படித்தவர்தான். ஆனால் அதுவரை எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கடைசியாகச் சாப்பாட்டு டெலிவரிப் பையோடு வானகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தனியாக ஒரு வீட்டை முழுதாக முடிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அடுத்த தெருவில் ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி, உன் அண்ணி சரி என்று சொன்னால் அந்த வேலையும் உனக்குத்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த மணல் லோடு ஒன்றை அம்மா கையில் அள்ளிப் பார்த்துத் திருப்பி அனுப்பியதிலிருந்து மேஸ்திரிக்கு அவள்மேல் பயம் கலந்த மரியாதை.

எனக்குச் சித்தப்பா என்றால் உயிர். வேலப்பன்சாவடியில் இருந்த பள்ளிக்கு என்னை பைக்கில் கொண்டுபோய் விடுபவர் அவர்தான். மேஸ்திரியின் வேலை கிடைக்காவிட்டால் திருப்பூருக்குப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒயரிங்கைப் பார்க்க அம்மா டார்ச்சும் அம்பு ஸ்டிக்கருமாக மாடி ஏறியபோது நானும் பின்னாலேயே ஓடினேன்.

சுவிட்ச் பெட்டிகளை அப்போது மூடியிருக்கவில்லை. ஒயர்கள் வெளியே தொங்கின. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். கீறல் தட்டுப்பட்டால் அந்த இடத்தை லேசாக வளைப்பாள். வளைத்தும் செம்பு தெரியவில்லை என்றால் விட்டுவிடுவாள். நானும் சித்தப்பாவும் பயந்ததையெல்லாம் அவள் சட்டை செய்யவில்லை. சிமெண்ட் அப்பி, நசுங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்த ஒன்றைத் துடைத்துவிட்டு, "அழுக்கு. அவ்வளவுதான்" என்றாள். நன்றாகவே தோல் வழன்றிருந்த இன்னொன்றுக்கும் அம்பு விழவில்லை. அதை உருவினால் ஒரே குழாயில் கூடவே போகும் மற்ற மூன்றும் உராய்ந்து கெட்டுவிடுமாம். டேப் சுற்றினால் போதுமாம். வீட்டு மனிதர்களிடம் அவள் இந்தத் தாராளத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஆறு அம்புகள் விழுந்துவிட்டன. ஏழாவது, பாத்ரூம் ஹீட்டருக்குப் போகும் ஒயரில். இரும்புப் பெட்டியின் விளிம்பு அதைக் கிழித்திருந்தது. அம்மா வளைத்ததும் செம்பு பளிச்சென்று தெரிந்தது.

சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணி, இதுக்கு மட்டும் டேப்பு சுத்திக்கிறேனே. பைப்புக்குள்ள சிமெண்டு பூந்துகினு கீது. இஸ்தா ஒயரு வராது, செவுத்தத்தான் ஒடைக்கணும்."

"குளிக்கிற இடம் தம்பி. காப்பர் தெரியுது" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். சித்தப்பா டீக்கடைக்குப் போனார்.

நான் மட்டும் மாடியில் இருந்தேன். என் கணக்கு எளிமையானது. சித்தப்பாவுக்கு ஆபத்து ஒயரால் வரவில்லை, அம்பால் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ஏழாவது அம்பை நகத்தால் உரித்தெடுத்துப் பென்சில் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

மறுநாள் சித்தப்பா அந்தப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது மாடியில் சுவரை உடைக்கும் சத்தம் கேட்டது. குழாய் அடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

ஞாயிறு வந்தது. அம்மா வரிசையாக ஆறு அம்புகளை உரித்து நோட்டில் ஒட்டினாள். பாத்ரூம் பெட்டிக்கு மூடி போட்டாகிவிட்டிருந்தது. அம்மா ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு ஸ்க்ரூ டிரைவருக்காகக் கையை நீட்டினாள். தொலைந்தோம் என்று நான் கூட வந்திருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உள்ளே பழைய சிவப்பு ஒயர் இல்லை. புத்தம்புதிய மஞ்சள் ஒயர். பெட்டியின் விளிம்பில் ரப்பர் வளையம் போட்டிருந்தது. சுவரில் தரையிலிருந்து மேல்வரை ஈரம் காயாத புதுப்பூச்சு.

"அம்பு எங்க தம்பி?"

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கியோ வுழுந்துட்ச்சி அண்ணி."

"அம்பு இல்லாமயா மாத்தினீங்க?"

"அம்பு வுழுந்தா காப்பர் மறைஞ்சிடுமா அண்ணி?"

அம்மா நோட்டை மூடினாள். மேஸ்திரியிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். சித்தப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியாதே என்று கொஞ்சம் இளப்பமாகக்கூட நினைத்தேன்.

ஹீட்டரை மாட்டிய மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்குப் போக வேண்டியவள் என்பதால் முதல் குளியல் எனக்கு. சித்தப்பா டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தார். தன் கையை நீட்டி வெந்நீரைப் பிடித்துப் பார்த்தார். அதன்பிறகுதான் என்னை உள்ளே விட்டார். கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்து கேட்டார், "இன்னா பாப்பா, சூடா கீதா?" இருக்கிறது என்றேன். அரை நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. பிறகு பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டு ஏதாவது பாடச் சொன்னார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியும் அம்மா போகவில்லை. இன்னும் சத்தமாகப் பாடு என்று அவள் குரலும் கேட்டது. எனக்கு ஒரே குஷி. தொண்டை கிழியப் பாடினேன்.

என் பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அது நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று இரண்டு பேர் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது.