புல்டோசருக்குப் பின்னால் வந்த நாரைகள்

நாரைக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதருக்கு நாரையைக் கண்டாலே ஆகாது. குப்பை மேட்டில் புல்டோசர் ஓட்டுவது அவர் வேலை. அவருடைய மாமனாரும் அதே மேட்டில் லாரி ஓட்டியவர்தான். நாற்றத்துக்கு மூக்கைப் பிடிக்காத மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்துத்தான் பெண்ணைக் கொடுத்தார்.

புல்டோசர் குப்பையைப் புரட்டினால் அடியில் கிடக்கும் ரொட்டியும் இறைச்சியும் மேலே வரும். இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், நாரைகள் வண்டிக்குப் பின்னால் வந்து வரிசை கட்டி நின்றுவிடும். குளிர்காலத்தில் கடல் தாண்டிப் போன கூட்டம், சாப்பாடு இங்கேயே கிடைக்கவும் போவதையே விட்டுவிட்டது. வண்டியெல்லாம் எச்சம், அவர் மேலெல்லாம் எச்சம். சட்டையைத் துவைக்கும்போது மனைவி சொல்வாள்: "நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்க பக்கம் இத்தனை பேர் வரலைங்க."

ஒருநாள் செத்துக் கிடந்த நாரையைக் கால்நடை மருத்துவர் அந்த வண்டி நிழலிலேயே அறுத்துப் பார்த்தார். வயிற்றில் கொத்துக் கொத்தாக ரப்பர் பேண்டு. மண்புழு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. நாரைக்காரர் அன்று கொண்டுபோன சோற்றைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு வனத்துறை விழித்துக்கொண்டது. மேட்டை மூடு, பக்கத்தில் ஏரி வெட்டு, மீன் விடு என்று உத்தரவு வந்தது. மேட்டை மூடினால் வண்டிக்கு வேலையில்லை, வண்டிக்கு இல்லையென்றால் அவருக்கும் இல்லை. முடி நரைத்தவரை வேறு யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்?

ஏரிக்கரையில் பார்வைக் கோபுரம் வந்தது, டிக்கெட் கொடுக்கும் அறை வந்தது, 'குப்பை போடாதீர்கள்' என்று பெரிய பலகையும் வந்தது. நாரைகள் மட்டும் வரவில்லை. மூடிய மேட்டின் மேல் நின்றுகொண்டு, லீவு போட்ட ஆளுக்காகக் காத்திருப்பது போல் காத்திருந்தன.

அந்தச் சமயம் பார்த்து மழையில் ஏரிக்கரை சரிந்தது. மண் தள்ள நாரைக்காரரைக் கூப்பிட்டார்கள். இதுதான் கடைசி வேலை என்று நினைத்தபடி சாவியைத் திருகினார். அவ்வளவுதான், வானமே வெளுத்துப்போனது. மொத்தக் கூட்டமும் வண்டிக்குப் பின்னால் இறங்கி நின்றது.

"யாரும் அசையாதீங்க" என்றார் வனத்துறை அதிகாரி, கண்ணில் நீர் நிற்க.

அடுத்த வாரமே 'பறவை ஈர்ப்பு உதவியாளர்' என்று புதிய உத்தியோகம். காலையில் ஏரிக்கரையில் இன்ஜினைப் போட வேண்டும். பறவைகள் ஏமாந்து போகாமல் இருக்க, பலகைக்கு அடியிலேயே தினம் ஒரு லாரி குப்பை.

"மீன் புடிக்கப் பழகுற வரைக்கும்தான்" என்றார் அதிகாரி, அன்பாகவே. "பழகிடுச்சுன்னா உங்களுக்கும் விடுதலை."

விடுதலை என்றால் சம்பளத்துக்கும் விடுதலை என்று அவருக்குத் தெரியாதா?

பிளாஸ்டிக் கலக்காத குப்பை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தக் குப்பையே பிளாஸ்டிக் பையில்தான் வந்தது. அவர் குனிந்து குனிந்து ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எல்லாவற்றையும் பொறுக்க முடியுமா? சட்டைப் பையைத் தடவிப் பார்த்த மனைவி, "சம்பளத்தை இதுல குடுக்குறாங்களா?" என்று கேட்டாள். பிறகு, சிரிக்காமல், "அதுங்களுக்கு மீன் புடிக்கக் கத்துக் குடுத்துட்டு வீட்டுல வந்து குந்திடாதீங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரி வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார். "என்ன, ஏதாவது ஒண்ணாவது மீனைத் தொடுதா?"

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால், அந்த வருஷம் பிறந்த இளசு ஒன்று தண்ணீருக்குள் அலகை விட்டு எடுத்தது. அலகில் மீன் துடித்தது. தலையை நிமிர்த்தி விழுங்கியது. தொண்டை புடைத்து இறங்குவது வண்டியிலிருந்தே தெரிந்தது.

"மீனா? அது என்னன்னே அதுங்களுக்குத் தெரியாது சார்."

"பாவம். சரி, இன்னும் ஒரு வருஷத்துக்குக் குப்பையை அனுப்பச் சொல்லி எழுதுறேன்."

அதிகாரி ஏரிப் பக்கம் திரும்பப் போனார். நாரைக்காரர் சட்டென்று சாவியைத் திருகினார். அடுத்த மீனுக்குக் குனிந்திருந்த இளசு, அதை விட்டுவிட்டுக் கரையேறி ஓடிவந்து, மற்றவற்றோடு வரிசையில் நின்றது.

அவர் இறங்கிப் போய், அதன் காலடியில் கிடந்த பையைப் பிரித்து ரப்பர் பேண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"உங்களை மாதிரி அக்கறையான ஆளு கிடைக்கிறது கஷ்டம்" என்றார் அதிகாரி.

அவர் நிமிராமல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.