முப்பது பூசை

நான் நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பம், வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருப்பேன். கேட்கிறவர்களிடம் மூட்டுவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த மூட்டுவலிக்காரன் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவதைத் திண்டுக்கல்லில் இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. என் மனைவி ஒருமுறை கேட்டாள். எரிந்து விழுந்தேன். அதோடு விட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. தாத்தா விட்டுப்போனது, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. சித்தப்பா இளவயதிலேயே இறந்துபோனார், பிள்ளை இல்லை. அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில், பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அப்பா சித்தியிடம் கையெழுத்து வாங்கினார். அது அவள் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். சித்தி அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவள் இல்லை. கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற மனுஷன் நீட்டிய காகிதத்தை அவர் முன்னாலேயே படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டாள்.

பிறகு அதே தோட்டத்தில் பூ எடுக்கிற கூலியாள் ஆனாள். தன் பங்கு என்ன ஆனது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் அநியாயம் என்று சொன்னதும் இல்லை. 'பாவம், ஒத்தப் பொம்பள, நம்மதான் வேலை குடுத்து வச்சிருக்கோம்' என்றே பேசிக்கொள்வோம். நான் அதை நம்பினேன் என்று சொன்னால் பொய். நம்பினால் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். என் கல்யாணத்தின்போது அப்பா தோட்டம் முழுவதையும் என் பெயருக்கு எழுதிவைத்தார். பின்னால் அதை ஒட்டி நான்குவழிச் சாலை வந்தது. பிளாட் போடுகிறவர்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்கு ஈரலில் புற்று. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாள், பங்குச் சாமியாரை வரச் சொன்னார். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்குச் சொல்ல என்ன பாவம் இருக்கப்போகிறது, ஐந்து நிமிடத்தில் முடியும் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்த சாமியார், ஆற்றிவைத்த காபியைத் தொடாமலே போய்விட்டார்.

அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஆண்டவரு மன்னிப்பாராம். ஆனா எடுத்தத எடுத்தவன் திருப்பிக் குடுக்கணுமாம். ஒஞ் சித்தி பங்க அவளுக்கு எழுதிக் குடுத்துரு அப்பு. எம்பேர்ல இருந்தா நானே எழுதிருவேன். எல்லாம் ஒம்பேர்லல்ல கெடக்கு."

"சரிப்பா, ஒடம்பு தேறட்டும்" என்றேன்.

"தேறாது. அதுக்குத்தான் சொல்றேன்."

மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்க அந்தத் தோட்டத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். அப்பாவின் மோட்சமா மகளா என்று யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வெட்கப்பட்டாவது நல்ல பதில் சொல்லியிருப்பேன். பத்திர ஆபீசுக்குப் போனாயா என்று மட்டும் அப்பா தினமும் கேட்டார். பத்திரம் எழுதுகிறவர் ஊரில் இல்லை என்றேன். அடுத்த நாள், சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். "கம்ப்யூட்டரு வந்தும் இம்புட்டு நாளாகுதா?" என்று அந்த நிலைமையிலும் அலுத்துக்கொண்டார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். சித்தி அவரை நம்பியது போலவே.

ஒன்பதாம் நாள் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பேச முடியாமல் என்னையே பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "முடிஞ்சிருச்சுப்பா. சித்தி பேருக்கு எழுதியாச்சு" என்றேன். அவர் முகம் தெளிந்தது. என் வாழ்நாளில் அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த நிம்மதியோடுதான் போனார்.

அடக்கம் முடிந்த பிறகு பயம் பிடித்தது. செய்ய வேண்டியது பாக்கி இருக்க அப்பா எங்கே போயிருப்பார், மோட்சத்துக்கு முன்னால் பாவக் கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் எத்தனை காலம் கிடப்பார் என்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தேன். ஆத்துமத்துக்காக முப்பது நாள் தொடர்ந்து பூசை வைப்பது எங்களில் உண்டு. கையெழுத்துப் போடுவதைவிட அது சுலபம். சாமியாரிடம் போய்ச் சொன்னேன். நோட்டில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டுச் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாரிடமும் பேச முடியாது, மகனிடம்கூட. அந்தச் சட்டம் இருப்பதற்காக அன்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இப்படியும் ஒரு நன்றி. கோவிலில் எல்லோரும், பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று என்னைப் புகழ்ந்தார்கள்.

முதல் நாள் பூசைக்குச் சித்தி வந்திருந்தாள். நிலக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடைசிப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். உறவுக்காக ஒரு நாள் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மல்லிகையை வெயில் ஏறுமுன் மொட்டாகப் பறித்தாக வேண்டும். ஆறு மணிப் பூசைக்குத் திண்டுக்கல் வருகிறவள் அன்றைக்குப் பூ எடுக்க முடியாது. கூலியும் கிடையாது. முப்பது நாளும் அவள் கூலியை விட்டுவிட்டு, தன் நிலத்தைப் பிடுங்கியவருடைய ஆத்துமத்துக்காக முழங்காலில் நின்றாள். நான் சில நாள் தூங்கிப் போனேன்.

பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, பூசை நடுவில் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார், கொடுத்தாயிற்று என்று நம்பித்தான் இறந்தார். அவரிடம் ஆண்டவர் இனி என்ன கேட்பார்? எடுத்தவன் இப்போது நான். கோவிலில் அப்பாவின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறார்கள், எரியப்போகிறது நான். அன்றிலிருந்துதான் நன்மை வாங்க எழுந்து போகவில்லை. வாங்க வேண்டுமென்றால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்தால் அதே சாமியார், அதே வார்த்தையைச் சொல்வார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சித்தி வெளியே எனக்காகக் காத்திருந்தாள்.

"ஏப்பா, உங்கப்பா சாகையில எதுவும் சொன்னாரா? என்னப் பத்தி?"

இரண்டு பக்கமும் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல சித்தி. பேச்சு நின்னு போச்சு."

அவள் தலையை ஆட்டினாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரி, இனி மோட்சத்துலதான் இருப்பாரு. ஒரு மாசமா ஒனக்குந்தான் சிரமம். நாளைலருந்து தோட்டத்துக்கு வந்துர்றேன் அப்பு. எடத்துக்கு வேற ஆளப் போட்றாத."

"போடல சித்தி" என்றேன்.